குப்பை மேட்டின் முதிர்ச்சியை ஒளிர்வால் அறிதல்

மண் போட்டு மூடிய ஒரு குப்பைக் கிடங்கு உள்ளுக்குள் அடங்கிவிட்டதா, இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறதா என்பதை வெளியே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. மேலே புல் முளைத்திருக்கும். கீழே, காற்றுப் புகாத ஆழத்தில், நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிறுகச் சிறுக உடைத்து மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். மழைநீர் அந்தக் குவியலின் ஊடாக இறங்கும்போது கரையக்கூடியவற்றை எல்லாம் கரைத்துக்கொண்டு, கரும்பழுப்பு நிறமுள்ள கசிவுநீராக அடியில் சேரும். மூடிய கிடங்கைப் பொதுவாக 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நடுவணரசு விதி. நிர்வாகத்துக்கு இப்படி ஒரு காலக்கெடு தேவைதான் என்றாலும், குப்பை நாட்காட்டியைப் பார்த்துச் சிதைவதில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜேயும் அவருடைய குழுவினரும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டுக் கிடங்குகளைத் தோண்டி ஆராய்ந்தபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த நாளிதழ்களைத் தேதி பார்த்து வாசிக்கும் நிலையிலேயே எடுத்தார்கள். ஈரம் எட்டாத இடத்தில் காகிதம் அப்படியே கிடக்கிறது. சில மீட்டர் தள்ளி ஈரம் தேங்கிய இடத்தில் எல்லாம் மக்கிப்போயிருக்கிறது. ஆகவே ஒரு கிடங்கின் முதிர்ச்சியை அறிய விரும்புகிறவர்கள் அதன் வயதைக் கேட்பதை விட, அதற்குள் இருக்கும் கரிமப் பொருள் இப்போது எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளில் ஒன்றுதான் ஒளிர்வு நிறமாலையியல்.

வழக்கமான அளவீடுகள் இந்தக் கேள்விக்குப் பாதி விடையே தருகின்றன. சி.ஓ.டி. என்று ஆய்வகங்களில் வழங்கும் வேதி ஆக்சிஜன் தேவையை அறிய, மாதிரியை டைகுரோமேட்டுடனும் அடர் கந்தக அமிலத்துடனும் சேர்த்து 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்குகிறார்கள். குளோரைடு தரும் பிழையைத் தடுக்கப் பாதரச உப்பும் சேர்க்க வேண்டியிருப்பதால், சோதனை முடிந்தபின் மிஞ்சுவது நச்சுக் கழிவு. பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இவை இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். இன்னது இருக்கிறது என்று சொல்லமாட்டா. இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஓரளவு வழிகாட்டும் என்பது உண்மையே: இளங்கசிவுநீரில் பி.ஓ.டி., சி.ஓ.டி.யில் பாதியையோ அதற்கு மேலுமோ எட்டும். முதிர்ந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் புரதம், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், மக்கும்போது உருவாகும் ஹியூமிக் பொருள், தொழிற்சாலை வேதிப்பொருள் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்க வேறு கண் வேண்டும்.

அந்தக் கண்ணின் அடிப்படை எளியது. சில மூலக்கூறுகள் புற ஊதா ஒளியை உட்கொண்டு, அவற்றின் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அந்த ஆற்றலில் ஒரு பகுதி அதிர்வாக, வெப்பமாகக் கரைந்துபோக, எஞ்சியதை மூலக்கூறு சில நானோ நொடிகளில் மீண்டும் ஒளியாக வெளியிடுகிறது. வழியில் ஆற்றல் இழந்துவிட்டதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போனதை விட நீளமாக இருக்கும். கொய்னைன் கரைசலில் சூரிய ஒளி படும்போது அதன் மேற்பரப்பில் நீல ஒளி தோன்றுவதை ஜான் ஹெர்ஷல் 1845-இல் பதிவு செய்தார். அந்த அலைநீள மாற்றத்தை 1852-இல் விளக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அதே கொய்னைன் சல்ஃபேட்டைத்தான் இன்றும் பல ஆய்வகங்கள் ஒளிர்வின் அளவுகோலாக வைத்திருக்கின்றன.

எல்லா மூலக்கூறும் இப்படி ஒளிர்வதில்லை. பென்சீன் வளையம் போன்ற, இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடரும் அமைப்பு இருந்தால்தான் இந்த அலைநீளங்களில் குறிப்பிடத்தக்க ஒளிர்வு கிடைக்கும். புரதங்களில் உள்ள டிரிப்டோஃபான், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் ஒளிரும். லிக்னின் சிதைவில் பிறக்கும் ஃபீனால்கள் ஒளிரும். மக்கும் பொருளில் உருவாகும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் ஒளிரும். சர்க்கரையும் செல்லுலோஸும் அசிட்டிக் அமிலமும் ஒளிராது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல ஆய்வறிக்கைகள் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. இந்த முறையின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன என்பதால் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

கருவி செய்வது இதுதான். மாதிரியின் மீது 220 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, வெளிவரும் ஒளியை சுமார் 250 முதல் 600 நானோமீட்டர் வரை அளக்கிறது. பிறகு 225, 230 என்று படிப்படியாக உயர்த்தி 450 வரை இதையே திரும்பச் செய்கிறது. செலுத்தும் ஒளியின் அலைநீளத்தை (கிளர்வு) ஓர் அச்சிலும் வெளிவரும் ஒளியின் அலைநீளத்தை (உமிழ்வு) மற்றோர் அச்சிலும் வைத்து, ஒளிர்வின் செறிவை உயரமாகக் கொண்டு வரைந்தால், மலைப்பகுதியின் சமவுயரக் கோட்டு வரைபடம் போல ஒரு படம் கிடைக்கிறது. இதைக் கிளர்வு–உமிழ்வு அணி என்பார்கள். பவுலா கோபிள் 1996-இல் கடல்நீரை வைத்து இந்தப் படத்தின் முகடுகளுக்கு எழுத்துகளைச் சூட்டினார். நன்னீருக்கும் கழிவுநீருக்கும் குப்பைக் கசிவுநீருக்கும் இன்றுவரை அவையே புழங்குகின்றன. கிளர்வு 275, உமிழ்வு 340 நானோமீட்டரை ஒட்டி வரும் டி முகடு டிரிப்டோஃபான் வகை. அதே கிளர்வில் 310-ஐ ஒட்டி வரும் பி முகடு டைரோசின் வகை. கிளர்வு 260-ஐ ஒட்டி வரும் ஏ முகடும், 350-ஐ ஒட்டிக் கிளர்ந்து 420 முதல் 480 வரை உமிழும் சி முகடும் ஹியூமிக் வகை. 2003-இல் வென் சென்னும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தப் படத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மொத்த ஒளிர்வையும் கூட்டி ஒப்பிடும் முறையை வகுத்தார்கள். முகடு இன்ன இடத்தில் இருக்கிறது என்பது அடையாளக் குறிப்பு மட்டுமே. மூலக்கூறு இன்னது என்பதற்கு அது சான்றாகாது. இடம் பொருந்தினால் வகை பொருந்தக்கூடும் என்ற அளவோடு நின்றுகொள்வதே நல்லது.

திண்மக் குப்பையை அப்படியே கருவிக்குள் வைப்பதில்லை. தோண்டியெடுத்த மாதிரியிலிருந்து நெகிழி, கண்ணாடி, கல் ஆகியவற்றை நீக்கி, எஞ்சியதை உலர்த்தி, பொடித்து, சல்லடையில் சலித்து, பத்து மடங்கு நீருடன் சேர்த்து ஒரு நாள் வரை குலுக்குகிறார்கள். பிறகு மையவிலக்கியில் சுழற்றி, 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்தெடுத்த நீரே ஆய்வுக்குப் போகிறது. ஆக, நாம் வாசிப்பது குப்பையை அன்று. குப்பையிலிருந்து நீர் பிரித்தெடுத்த பகுதியை. கரையாமல் தங்கிவிட்ட மரத்துண்டும் காகிதமும் இந்தப் படத்தில் இல்லை. ஹியூமிக் அமிலம் முழுவதையும் வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் நீருக்குப் பதிலாக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பயன்படுத்த வேண்டும். அப்போது கிடைக்கும் படம் வேறு. இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடுமுன், மாதிரியை எதில் கரைத்தார்கள் என்று பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கசிவுநீரின் நிறம். இதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையில் தவறான படங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. கருவியின் குவளை ஒரு சென்டிமீட்டர் அகலம். ஒளிர்வை அளப்பது அதன் நடுப்பகுதியிலிருந்து. ஒரு கசிவுநீரின் உட்கவர்திறன், அதாவது ஒளியை விழுங்கும் அளவு, புற ஊதாப் பகுதியில், சென்டிமீட்டருக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். உட்கவர்திறன் மடக்கை அளவு (ஒன்று கூடினால் கடந்துபோகும் ஒளி பத்தில் ஒரு பங்காகும்) என்பதால், உள்ளே நுழையும் ஒளியில் 90 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள்ளேயே மறைந்துவிடும். குவளையின் நடுவுக்கு எதுவும் போய்ச் சேராது. அங்கே எவ்வளவு ஒளிரும் பொருள் இருந்தாலும் கருவி ஏறத்தாழ எதையும் காட்டாது. கரிமப் பொருள் கூடக் கூட ஒளிர்வு குறைவது போலத் தோன்றும் இந்தப் பிழைக்கு உள்வடிகட்டல் விளைவு என்று பெயர். முகடுகளின் உயரத்தை மட்டுமல்ல, இடத்தையும் இது மாற்றிவிடும்: குறுகிய அலைநீளங்கள் அதிகமாகக் கவரப்படுவதால் புரத வகை முகடுகள் அமுங்கி, ஹியூமிக் வகை முகடுகள் நீள் அலைப் பக்கம் நகர்ந்து நிற்கும். புதிய குப்பை மக்கிய குப்பை போலத் தெரிவதற்கு இந்த ஒரு பிழையே போதும்.

மாற்று வழி நீர்த்தல். உட்கவர்திறன் 0.1 ஆகும்வரை தூய நீரால் நீர்த்தால், குவளையின் நடுவை எட்டும்போது ஒளியில் சுமார் 11 சதவீதமே குறைந்திருக்கும், 0.3 என்றால் 29 சதவீதம் குறைந்திருக்கும். கிளர்வு, உமிழ்வு ஆகிய இரு அலைநீளங்களிலும் உட்கவர்திறனை அளந்து, அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியைப் பத்தின் அடுக்காக வைத்துப் பெருக்கினால் இந்த இழப்பை ஈடுகட்டலாம். ஆனால் மிக அதிக உட்கவர்திறனில் இந்தச் சூத்திரமும் கைகொடுப்பதில்லை. கசிவுநீரைப் பல நூறு மடங்கு நீர்த்த பிறகே அளக்க வேண்டியிருப்பது இதனால்தான். நீர்த்தலும் முழுக்கத் தீங்கற்றதன்று. தாமிரமும் இரும்பும் ஹியூமிக் பொருளோடு பிணைந்து அதன் ஒளிர்வை அணைக்கும் தன்மையுள்ளவை; நீர்க்கும்போது அந்தப் பிணைப்பின் சமநிலை மாறுகிறது. காரகாடித்தன்மை மாறினாலும் ஒளிர்வு மாறும்; வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். காரகாடித்தன்மை, வெப்பநிலை, நீர்த்த மடங்கு ஆகிய மூன்றையும் குறிக்காத ஓர் ஒளிர்வு அளவீட்டை, எவ்வளவு வண்ணமயமாக அச்சிட்டிருந்தாலும், நம்பிப் பயன்படுத்த முடியாது.

இவ்வளவு கவனத்தோடு எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், குப்பை முதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. புதிய குப்பையின் படத்தில் உமிழ்வு 300 முதல் 360 நானோமீட்டருக்குள் இருக்கும் புரத வகை முகடுகள் ஓங்கி நிற்கும். ஆண்டுகள் செல்ல அவை தாழும். 400-க்கு மேலுள்ள ஃபல்விக், ஹியூமிக் முகடுகள் எழும். அவற்றின் உச்சியும் மெல்ல நீள் அலைப் பக்கம் நகரும். மூலக்கூறுகளில் வளையங்கள் ஒன்றோடொன்று கூடி, இணைந்த பிணைப்புகளின் நீளம் வளர்வதே அந்த நகர்வின் காரணம் என்று பொதுவாக விளக்குகிறார்கள். இந்த மாற்றத்தை ஒரே எண்ணில் சொல்ல, ஹியூமிக் ஆக்கக் குறியீடு என்ற ஒன்றை ஆடம் சோல்னாய் 1999-இல் முன்வைத்தார்: கிளர்வை 254 நானோமீட்டரில் நிறுத்தி, உமிழ்வில் 435 முதல் 480 வரையுள்ள பரப்பை 300 முதல் 345 வரையுள்ள பரப்பால் வகுப்பது. 2002-இல் சுட்டோமு ஓனோ அந்த வகுக்கும் எண்ணை இரு பரப்புகளின் கூட்டுத்தொகையாக மாற்றியதால், குறியீடு 0 முதல் 1 வரை என்ற எல்லைக்குள் வந்தது. செறிவின் பாதிப்பும் குறைந்தது.

குறியீடு வசதியானது, அதனாலேயே கவனம் தேவை. ஒரு மாதிரியில் ஹியூமிக் பரப்பு 40, புரதப் பரப்பு 60 என்று கொண்டால் குறியீடு 0.4. சில ஆண்டுகளில் புரதம் சிதைந்து 10-க்கு இறங்கி, ஹியூமிக் பரப்பு அதே 40-இல் நின்றிருந்தால் குறியீடு 0.8. எண் இரட்டிப்பாகிவிட்டது, ஹியூமிக் பொருள் துளியும் புதிதாக உருவாகவில்லை. எளிதில் சிதைவது போய்விட்டது என்பது ஒரு செய்தி, நிலையான பொருள் உருவாகியிருக்கிறது என்பது வேறொரு செய்தி. முன்னது நடந்தால் வாயு உற்பத்தி குறையும். பின்னது நடந்தால், அதோடு கூட, உலோகங்களைப் பற்றி வைத்திருக்கும் திறன் வளரும். இந்த இரண்டையும் பிரித்தறிய, குறியீட்டோடு நில்லாமல், கரைந்த கரிமக் கார்பன் ஒரு மில்லிகிராமுக்கு ஹியூமிக் ஒளிர்வு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, ஒளிராத பொருளுக்கு வருவோம். கிடங்கில் சிதைவு ஒரே சீராக நடப்பதில்லை. முதலில் சிக்கியிருந்த ஆக்சிஜன் விரைவில் தீரும். அடுத்து வரும் அமில கட்டத்தில் சர்க்கரை, மாவு, புரதம் எல்லாம் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய எளிய அமிலங்களாக உடைந்து கசிவுநீரில் குவியும். அதன்பின் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓங்கி, அந்த அமிலங்களைத் தின்றுதீர்த்து, பத்தாண்டுக் கணக்கில் நீடிக்கும். ஹார்ம்சன் 1983-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், அமில கட்டக் கசிவுநீரில் லிட்டருக்குச் சுமார் 20,000 மில்லிகிராம் கரிமக் கார்பன் இருந்தது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த எளிய அமிலங்களே. அவற்றில் ஒன்றுகூட ஒளிராது. அதாவது, கிடங்கு தன் வாழ்நாளிலேயே மிகக் கடுமையாக மாசுபடுத்தும் காலத்தில், ஒளிர்வுப் படம் காட்டுவது கரிமப் பொருளின் சிறு பகுதியை மட்டுமே. மீத்தேன் கட்டத்தில் கார்பனின் மொத்த அளவு பல மடங்கு சரியும். ஆனால் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஹியூமிக் வகை என்பதால் ஒளிர்வு உயரவும் கூடும். ஒளிர்வு கூடியதைக் கண்டு மாசு கூடிவிட்டது என்று முடிவுகட்டுவதும், ஒளிர்வு குறைவாக இருப்பதைக் கண்டு நீர் தூயது என்று எண்ணுவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள். ஒளிர்வு நிறமாலை கரிமப் பொருளின் தன்மை எப்படி மாறுகிறது என்பதைச் சொல்ல வல்லது. அளவைச் சொல்லும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றக்கூடாது.

படத்தில் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதைப் பிரிக்க, பாராஃபாக் என்ற கணித முறை இப்போது பரவலாகிவிட்டது. 1970-இல் உளவியல் அளவீட்டுத் துறையில் பிறந்த இந்த முறையை, 2003-இல் காலின் ஸ்டெட்மனும் உடன் பணியாற்றியவர்களும் இயற்கை நீரின் ஒளிர்வுக்குக் கொண்டுவந்தார்கள். பல மாதிரிகளின் படங்களை அடுக்கி, அவை அனைத்தையும் விளக்கக்கூடிய மிகக் குறைந்த எண்ணிக்கையிலான கூறுகளைக் கணினி கண்டுபிடிக்கிறது. மாதிரிகள் போதிய எண்ணிக்கையிலும் வேறுபாட்டோடும் இருக்க வேண்டும். தொகுப்பை இரு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே செய்தாலும் அதே கூறுகள் வர வேண்டும். ஒரே கிடங்கின் ஒருசில மாதிரிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் பயனில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த முறைக்கு உறுதியான இடம் உண்டு. உயிரியல் தொட்டியைத் தாண்டியதும் புரத வகை முகடுகள் சரிந்து, ஹியூமிக் வகை முகடுகள் கிட்டத்தட்ட அப்படியே நின்றால், நுண்ணுயிர்கள் தங்களால் இயன்றதைச் செய்துவிட்டன, இனி அதே தொட்டியில் நேரத்தைக் கூட்டிப் பலனில்லை என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அடுத்து வைப்பது நுண்வடிப்புச் சவ்வா, இரும்பு அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஃபென்டன் வினையா, ஓசோனா என்பதை அந்தப் படத்தின் துணையோடு முடிவு செய்யலாம். ஓசோனைப் பயன்படுத்தினால் மட்டும் மறுபடி எச்சரிக்கை வேண்டும். ஓசோன் முதலில் தாக்குவது ஒளிர்வுக்குக் காரணமான இரட்டைப் பிணைப்புகளைத்தான். வளையம் உடைந்ததும் ஒளிர்வு செங்குத்தாக விழும், கரிமக் கார்பனோ சிறிதளவே குறைந்திருக்கும். உடைந்த துண்டுகள் ஒளிராமல் நீரிலேயே இருக்கும். கசிவுநீரை நகரக் கழிவுநீர் நிலையத்தோடு சேர்த்துச் சுத்திகரிக்கும் இடங்களில் இன்னொரு பயனும் உண்டு. சிதையாமல் தங்கும் ஹியூமிக் பொருள் புற ஊதா ஒளியைக் கவர்ந்துகொள்வதால், அந்த நிலையத்தின் கடைசிக் கட்டமான புற ஊதாக் கிருமிநீக்கம் பலவீனமடைகிறது. ஹியூமிக் முகட்டின் உயரம் அந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டிவிடும்.

கிடங்கின் அடித்தளம் பிளந்து கசிவுநீர் நிலத்தடி நீரில் கலக்கிறதா என்பதைத் தேடுவதிலும் ஒளிர்வு உதவுகிறது, பல நூறு மடங்கு நீர்த்தாலும் புலப்படும் அளவுக்கு அது கூருணர்வுள்ளது என்பதால். ஆண்டி பேக்கரும் மிஷல் கறியும் 2004-இல் மூன்று வேறுபட்ட கிடங்குகளின் கசிவுநீரை ஒப்பிட்டு, கிளர்வு 220 முதல் 230, உமிழ்வு 340 முதல் 370 நானோமீட்டரில் மூன்றிலும் பொதுவாக வலுவான முகடு இருப்பதைக் காட்டினார்கள்; நாஃப்தலீன் போன்ற, மனிதர் தயாரித்த வேதிப்பொருள்கள் அதன் மூலமாக இருக்கலாம் என்று கருதினார்கள். கிடங்கின் கைரேகை போலப் பயன்படக்கூடிய இந்த முகடு, டிரிப்டோஃபானின் குறுகிய அலை முகட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. டிரிப்டோஃபான் என்றால் கிளர்வு 275-ஐ ஒட்டிய அதன் இணை முகடும் தகுந்த உயரத்தில் தெரிய வேண்டும்; அது மங்கியிருக்க, 225-ஐ ஒட்டியது மட்டும் ஓங்கி நின்றால் புரதத்தைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. இதேபோல, சலவைத்தூளில் துணியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர் பொருள்கள் கிளர்வு 360-ஐ ஒட்டி ஒளிர்ந்து சி முகட்டோடு கலந்துவிடுகின்றன. வீட்டுக் கழிவுநீர் கசியும் குழாய் ஒன்று பக்கத்தில் போனால், அதன் குற்றம் கிடங்கின் மேல் விழக்கூடும். கண்காணிப்புக் கிணறுகளில் ஒளிர்வை அளப்பவர்கள் அதே நீரில் அம்மோனியாவையும் குளோரைடையும் அளப்பது இதனால்தான். மூன்றும் சேர்ந்து உயர்ந்தால் கிடங்கை நோக்கிக் கை நீட்டலாம்; ஒளிர்வு மட்டும் உயர்ந்திருந்தால், கிடங்குக்கு மேற்பக்கத்தில், நிலத்தடி நீர் வரும் திசையிலுள்ள கிணற்றின் படத்தோடு ஒப்பிடும்வரை தீர்ப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.